ஆகாய விமானமும் இளநீர்க் குழலும்

உளுந்தூர்பேட்டை என்றதும் நேயர்களில் பலருக்கு மெதுவடையின் ஞாபகம் வரலாம். சென்னையிலிருந்து திருச்சிக்கு மோட்டாரில் செல்கிறவர்கள் இவ்வூரைக் காபிக்கு இறங்கும் இடமாக மட்டும் அறிந்திருக்கலாம். ஆனால் ஊருக்கு அருகே ஒரு விமான ஓடுபாதை கிடக்கிறது. இரண்டாவது உலக மகா யுத்த காலத்தில் பிரிட்டிஷார் போட்டது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, பாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமையன்று நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் சிலரை அதன் ஓரம் வரையில் அழைத்துச் சென்றோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வெகு நேரம் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஸார், வீட்டிலேயே விமானம் கட்ட முடியுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை.

ஏனெனில், கட்டியிருக்கிறார்கள். 1910ஆம் வருஷத்திலேயே சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த த'ஆஞ்செலிஸ் என்பவர், தாமே திட்டமிட்ட விமானம் ஒன்றைச் சிம்ப்ஸன் வண்டிப் பட்டறையில் செய்வித்துப் பறந்து காட்டினார். நம் காலத்தில் பம்பாய் விமானியான அமோல் யாதவ், காந்திவலியில் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரக்கூடிய விமானத்தை நிர்மாணித்தார். பல வருஷ அலைச்சலுக்குப் பின் 2017 நவம்பரில் அதற்கு அரசாங்கத்தின் பதிவு கிடைத்தது. மொட்டை மாடி என்பது வடாம் காயவைப்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல என்பதை அவர் நிரூபித்துவிட்டார்.

இவற்றைச் சொன்னதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. பையன் ஒரு கறுப்பு வளைகுழாயைக் கொண்டுவந்து மேஜைமீது வைத்தான். இன்ஜினீயரிங் படிக்கும் அவனுடைய அண்ணன் த்ரீ-டி பிரிண்டரில் செய்து கொடுத்ததாம். பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோலம் போடுவதுபோல் அடுக்கடுக்காக வார்த்து வேண்டிய உருவத்தை உண்டாக்கும் யந்திரம் அது. "இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாய், ஸார். எவ்வளவு கெட்டி பாருங்கள்!" என்றான். கெட்டியாகத்தான் இருந்தது. நாம் கொதிக்கும் வெந்நீர் வரவழைத்துக் குழாயை அதில் ஒரு நிமிஷம் அமிழ்த்தினோம். எடுத்தபோது அது வாடிய கத்தரிக்காய்போல் துவண்டது. சோள மாவிலிருந்து தயாரிக்கும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் அது; சுமார் 60 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகிவிடும். பையனுடைய முகமும் வாடிற்று.

அவனைத் தேற்றுவதற்காக இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறினோம். 2025 மார்ச் 18ந் தேதி, வீட்டில் கட்டப்பட்ட கோஸி மார்க் 4 என்னும் சிறு விமானம் கிளாஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. கடைசி நேரத்தில் இன்ஜின் அடியோடு சக்தி இழந்தது. விமானம் ஓடுபாதையை எட்டாமல் தரையில் மோதிச் சேதமடைந்தது. தெய்வாதீனமாக விமானி சொற்பக் காயத்துடன் தப்பினார். ஆராய்ந்து பார்த்தபோது, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் வளைகுழாய் இளகி, உட்பக்கமாக ஒடுங்கிக் கிடந்தது. அதுவும் பிரிண்டரில் வார்த்த சாமான்தான். அமெரிக்காவில் ஒரு விமானக் கண்காட்சியில் வாங்கியது.

குழாய் ஏன் உட்பக்கமாக ஒடுங்கவேண்டும்? இளநீர்க் கடையில் விடை இருக்கிறது. மெல்லிய உறிஞ்சு குழலில் பலமாக உறிஞ்சினால் அது நடுவில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் ஒரு சொட்டு வராது. இன்ஜினும் அப்படித்தான் காற்றை உறிஞ்சுகிறது. குழாய்ச் சுவர் உறுதியாக இருக்கும் வரையில் கவலையில்லை. உஷ்ணத்தில் இளகினால் வழி அடைபடும்; மூச்சுத் திணறி இன்ஜின் ஓய்ந்துவிடும்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் வேறு. அந்தக் குழாய் 105 டிகிரி வரையில் இளகாத கலப்புப் பிளாஸ்டிக்கினால் ஆனது என்றே சொந்தக்காரர் நம்பியிருந்தார். பரிசோதனைச் சாலையில் அதன் துண்டுகளை அளந்தபோது, சுமார் 53, 54 டிகிரியிலேயே இளகத் தொடங்கியது. சொன்னதற்கும் இருந்ததற்கும் நடுவே ஐம்பது டிகிரி வித்தியாசம்! மேலும், மூலத் திட்டப்படி அந்தக் குழாயைக் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு செய்து, வாய்ப்புறத்தில் அலுமினியக் குழல் ஒன்றைத் தாங்கலாகப் பொருத்தவேண்டும். வாங்கிய குழாயில் அந்தத் தாங்கல் இல்லை.

புதிய பொருள் என்பதனால் அது ஆகாது என்று சொல்ல வரவில்லை. ரைட் சகோதரர்கள் 1903இல் தங்கள் இன்ஜினின் கூட்டை அலுமினியத்தில் வார்த்தபோது, அந்த வேலைக்கு அலுமினியமும் புதிதுதான். அதனுடன் செம்பு சிறிது கலந்து உறுதியாக்கிக்கொண்டார்கள். பழைய பொருள் என்பதனாலேயே நம்பிவிடவும் கூடாது. செம்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். வளைக்க எளிது, கடையில் கிடைப்பதும் எளிது. ஆனால் இன்ஜினின் ஓயாத அதிர்ச்சியில் செம்பு இறுகி, நொறுங்கும் தன்மை அடைந்து, வெடிப்பு விடும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதைதான். வேலிக் கம்பி ஒடிந்தால் ஆடு புகும். பெட்ரோல் குழாய் ஒடிந்தால் நெருப்புப் பிடிக்கும்.

நெருப்பு என்றவுடன் இன்னொன்று. இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே தீயைத் தடுக்கும் தகடு ஒன்று உண்டு. சுமார் 1,100 டிகிரி ஜுவாலையை அது 15 நிமிஷம் தாங்கவேண்டும் என்பது அமெரிக்க விமான விதிகள் வகுத்துள்ள அளவு. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். தடுப்பு எஃகாயிருந்தும், அதனூடே செல்லும் பெட்ரோல் இணைப்பு அலுமினியமாயிருந்தால், தீயில் அந்த இணைப்பு முதலில் உருகித் தீக்கே எண்ணெய் வார்க்கும். அங்கே எஃகு இணைப்பே தகும்.

பொருள் சரியாயிருந்தாலும் உருவம் சரியாயிருக்கவேண்டும். மோட்டார்க் கடையில் கிடைக்கும் விரிவாய்க் குழாய் இணைப்புகளில் சாய்வு 45 டிகிரி. விமான இணைப்புகளில் 37 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். திருகினால் இறுகுவதுபோலவும் இருக்கும். ஆனால் வாயோடு வாய் பொருந்தி உட்காராது. கசிவுக்கு இடம் வைத்துவிடும்.

இத்தனையும் கேட்ட பையன், "அப்படியானால் கட்டவே கூடாதா, ஸார்?" என்றான். "கட்டு, தம்பி. ஆனால் ஒவ்வொரு துண்டையும் நான்கு கேள்வி கேள். நீ இருக்கப்போகிற இடத்தில் எவ்வளவு உஷ்ணம்? எவ்வளவு அதிர்ச்சி? பெட்ரோல் பட்டால் என்ன ஆவாய்? நெருப்புப் பட்டால் எவ்வளவு நேரம் நிற்பாய்? விற்றவன் வாய்ச்சொல்லைப் பதிலாக ஏற்காதே. அளந்து பார், அறிந்தவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கு" என்றோம்.

நம் தேசத்தில் நாமே சாமான்கள் செய்யவேண்டும் என்ற ஆவல் இன்று எங்கும் இருக்கிறது. மிகவும் நல்லது. சுதேசிச் சாமான் என்றால் சோதிக்காமலே நம்பலாம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சீமைச் சாமானும் வெறும் பெயரை நம்பி வாங்கப்பட்டு விழுந்ததை மேலே பார்த்தோம். சோதித்துச் சோதித்துக் கழித்த துண்டுகள் குவிந்து கிடக்கும் பட்டறையே நல்ல பட்டறை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளை விமானம் கட்டுவேன் என்றால் சிரிக்காதீர்கள். ஒரு நல்ல உஷ்ணமானி வாங்கிக் கொடுங்கள். நம் பையன் இப்போது எதைக் கண்டாலும் வெந்நீரில் போட்டுப் பார்க்கிறான். அவன் தாயார் நம்மிடம் வந்து, "வீட்டில் ஒரு சீப்புகூட உருப்படியாக இல்லை, ஸார்" என்று குறைப்பட்டுக்கொண்டார். நமக்கென்னவோ, அந்தப் பிள்ளை கட்டும் விமானத்தில் ஏறலாம் என்ற தைரியம் அன்றுதான் பிறந்தது.