மனச்சோர்வு திரும்பி வருமா? தம்பதிகள் கவனத்துக்கு



பொழுது விடியுமுன் தறிக்குழியில் இறங்கும் கணவர் ஒரு மாதமாக நாடாவைத் தொடவில்லை. அல்லது தார் சுற்றும் மனைவி மூலையில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுகிறார். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. "சோம்பேறித்தனம்" என்கிறார்கள் சிலர்; "செய்வினை" என்கிறார்கள் சிலர். இரண்டும் இல்லை. இது மனச்சோர்வு நோய். சிகிச்சையால் குணமாகும்.

ஆனால் திரும்பியும் வரும். ஒரு தடவை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. இரண்டு தடவை வந்தவர்களில் 10-க்கு 7 பேருக்கு.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் மோசம் போகிறோம். தெளிவு வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை வேண்டும். பல தடவை வந்தவர்களுக்கு 2 ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும். இது போதை மாத்திரை அல்ல. திடீரென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம்; மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கர்ப்பம் தரித்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு இந்நோய் வந்த தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

நோய் திரும்புவதை முன்கூட்டி அறிய முடியுமா? ஓரளவு முடியும். போன தடவை முதலில் என்ன மாறியது என்று இருவரும் உட்கார்ந்து யோசியுங்கள். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பா? பேச்சுக் குறைந்ததா? கோயில், கல்யாணம் என்றால் ஒதுங்கினாரா? பெரும்பாலும் அதே அறிகுறிதான் மறுபடியும் முதலில் தலைகாட்டும். காலண்டர் தாளின் பின்னால் எழுதி வையுங்கள். ஒரு வாரம் நீடித்தால் போங்கள். பாவில் இழை அறுந்தால் புடவை முடியட்டும் என்று காத்திருப்பீர்களா?

இன்னொன்று. இங்கிலாந்தில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற மனச்சோர்வு நோயாளிகளிடம், "உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?" என்று கேட்டார்கள். அடுத்த 9 மாதத்தில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை அந்தப் பதிலே நன்றாகக் காட்டியது. 1989-இல் வெளிவந்த ஆய்வு இது. ரத்தம் எடுக்க வேண்டாம், செலவும் இல்லை! இன்று இரவே ஒருவரை ஒருவர் கேளுங்கள். கடன், கூலி, பிள்ளை படிப்பு என்று பேச ஆயிரம் இருக்கும், பேசத்தான் வேண்டும். "உன்னாலதான் குடும்பமே கெட்டுச்சு" என்ற சொல் மட்டும் வேண்டாம். சாராயம் வேண்டவே வேண்டாம், அது சோர்வை வளர்க்கும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை எந்த நாளில், எங்கே பார்க்கலாம் என்று ஆரணி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இரவு பகலாக, தமிழிலேயே, இலவசமாகக் கிடைக்கிறது. "செத்துப் போனா தேவல" என்று ஒருவர் சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே அழைத்துப் போங்கள்.