இணைய இணைப்பின்றி வழிகாட்டும் கைப்பேசி

தொலைத்தொடர்புக் கோபுரங்களின் அலைகள் எட்டாத சிற்றூர்கள் நம் நாட்டில் பல உள்ளன. 2022 ஜூலையில், இத்தகைய 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 26,316 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. மலைச் சரிவுகளிலும் அடர்ந்த காடுகளிலும் கோபுரம் எழுப்புவது எளிதன்று. அத்தகைய இடங்களுக்குச் செல்லும் தடுப்பூசிப் பணியாளரும், அவசர ஊர்தி ஓட்டுநரும், வெள்ள நிவாரண அலுவலரும் வழி அறிவது எங்ஙனம்? இணைய இணைப்பு அறுந்தவுடன் கைப்பேசியின் வழிகாட்டும் ஆற்றலும் அற்றுவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று.

மூன்று பணிகள்

வழிகாட்டுதல் என்பது மூன்று பணிகளின் தொகுப்பாகும். இருக்குமிடத்தை அறிதல் முதலாவது. அதனை வரைபடத்தில் பொருத்துதல் இரண்டாவது. சேர வேண்டிய இடத்திற்குப் பாதை கணக்கிடுதல் மூன்றாவது. இவற்றுள் முதற் பணிக்கு இணையம் தேவையே இல்லை. மற்ற இரண்டிற்கும் வேண்டிய விவரங்களை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்து வைத்துவிட்டால் போதுமானது.

இடமறியும் முறை

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கோளும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகிறது. கைப்பேசி இவ்வலைகளைப் பெறுகிறதேயன்றி, கோளுக்கு எதனையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டி நிகழ்ச்சிகளைப் பெறுவது போன்றதே இது; இதற்குக் கட்டணமும் இல்லை.

அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து கோளின் தொலைவு கணக்கிடப்படுகிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் புலப்படும். ஆயினும், கைப்பேசியின் கடிகாரம் அத்துணைத் துல்லியமானதன்று. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தொலைவில் 300 மீட்டர் வேறுபாடு உண்டாகும். இப்பிழையைக் களைவதற்காகவே நான்காவது கோள் ஒன்றும் தேவைப்படுகிறது.

தாமதத்தின் காரணம்

இணைப்பு இல்லாதபோது இடத்தைக் காட்டக் கைப்பேசி சற்றுத் தாமதிப்பதுண்டு. இணைப்பு இருக்கையில், கோள்களின் சுற்றுப்பாதை விவரங்களைக் கைப்பேசி இணையத்தின் வழியே விரைவில் பெற்றுக்கொள்கிறது. இல்லையெனில் அவற்றைக் கோளிடமிருந்தே பெற வேண்டும். ஜி.பி.எஸ். கோளின் மரபான செய்தி நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் வருகிறது. ஒரு கோளின் பாதை விவரம் 30 நொடிகளுக்கு ஒரு முறையும், எல்லாக் கோள்களின் பொதுப் பட்டியல் பன்னிரண்டரை நிமிடங்களுக்கு ஒரு முறையும் முழுமை பெறுகின்றன. ஆகவே, திறந்த வெளியில் சில நிமிடங்கள் காத்திருத்தல் நலம். கட்டடங்களுக்குள்ளும் குறுகிய பள்ளத்தாக்குகளிலும் அலைகள் தடைப்படும்.

நம் நாட்டின் முயற்சி

அயல்நாட்டுக் கோள்களை மட்டுமே நம்பியிராது, இந்தியா நாவிக் என்னும் அமைப்பை உருவாக்கியது. 2013 முதல் 2016 வரை ஏழு கோள்கள் செலுத்தப்பட்டன. இந்தியாவும், எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் இதன் சேவைக்கு உட்பட்டவை. தொடக்கக் கோள்கள் சிலவற்றில் இருந்த இறக்குமதி அணுக் கடிகாரங்கள் பழுதுற்றன. 2023 மே 29 அன்று செலுத்தப்பட்ட என்.வி.எஸ்.-01 கோளில் உள்நாட்டு அணுக் கடிகாரம் இடம்பெற்றது. கைப்பேசிகளுக்கு ஏற்ற எல்-1 அலைவரிசையும் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில் செலுத்தப்பட்ட என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. தற்சார்பு ஒரே முயற்சியில் கைகூடுவதன்று என்பதை இது உணர்த்துகிறது.

வரைபடமும் அதன் எல்லைகளும்

கூகுள் மேப்ஸ் செயலியில் வேண்டிய பகுதியை முன்னரே பதிவிறக்கிக் கொள்ளலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய செயலிகளும் இணைப்பின்றி இயங்குவன. எனினும், போக்குவரத்து நெரிசல், மண்சரிவு, பாலம் உடைப்பு போன்ற அன்றாடச் செய்திகளைச் சேமித்த வரைபடம் அறியாது. கூகுள் மேப்ஸ் இந்நிலையில் வாகனப் பாதையை மட்டுமே காட்டும், நடைபாதையைக் காட்டாது. மேலும், வரைபடத்தில் ஏறாத குக்கிராமத்தை எந்தச் செயலியும் கண்டறிய இயலாது.

செய்யத் தக்கவை

களப்பணிக்குப் புறப்படுமுன் வரைபடத்தைப் பதிவிறக்குதலும், சென்று சேர வேண்டிய ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக் கொள்ளுதலும் வழக்கமாக வேண்டும். மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆதலால், மாற்று மின்சேமிப்பானும் காகித வரைபடமும் உடனிருத்தல் நன்று. மாவட்ட நிர்வாகங்கள் தத்தம் எல்லைக்குட்பட்ட குடியிருப்புகள், துணை சுகாதார நிலையங்கள், ஆற்றுத் துறைகள் ஆகியவற்றின் இருப்பிடங்களைத் திரட்டி, பணியாளர்க்கு வழங்குவது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. வானிலிருந்து வரும் அலைகள் நகரத்திற்கும் காட்டிற்கும் வேறுபாடின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் பயன் கடைக்கோடிக் குடியிருப்பைச் சென்றடைய வேண்டுமெனில், அக்குடியிருப்பு முதலில் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.