ஆச்சியின் சுருக்குப்பை

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியில் நிற்க இடம் கிடைக்காது. எண்பதைத் தாண்டிய ஆச்சிமார் மத்தியானமே வந்து ஏதாவது ஒரு கடைவாசல் படியில் இடம்பிடித்துவிடுவார்கள். கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நேரத்தில் சூறைவிட, மடியில் பருத்தியோ மிளகாய் வத்தலோ இருக்கும். மூட்டுவலியோடு, பேரன் ஏச்சையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கிருந்து வருகிறது இந்தத் தெம்பு?

உடம்பு தளர்ந்தால் மனமும் வாடிவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டியதில்லை என்கிறார் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். மிச்சமிருக்கும் நாள் கொஞ்சம்தான் என்று தெரிந்ததும் மனிதர்கள் வீண் வம்புகளைக் கழற்றிவிட்டு, நெருங்கிய நாலு பேரோடு ஒட்டிக்கொள்கிறார்கள், மனசு லேசாகிறது. மனிதர் வாழ்வைப் பற்றி 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வும் உறவின் பக்கமே கைகாட்டுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த நாலு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். அவர்களில் ஒருவரான தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதுக்கு மேலும் வயலில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரைக் காட்டி மற்றக் கிழவிகளை விரட்டுவது எனக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் அந்த உடம்பு வாய்க்காது. ஆனால் காலையில் எழுந்ததும் தன்னை எதிர்பார்த்து ஒரு வேலை கிடந்தது அவருக்கு. பூக்கட்டுவதோ, கீரை ஆய்வதோ, பேத்திக்குத் தலை பின்னுவதோ, அதுவும் அப்படியொரு வேலைதான்.

அதற்குக் கண் தெரிய வேண்டும். ஓய்வு பெறும் வயதில், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் வெங்கடசாமி. புரை எடுத்த பிறகு பூ கோக்கும் கையைப் பார்த்தவர்களுக்கு அந்த அறுவைச் சிகிச்சை எதைத் திருப்பித் தருகிறது என்று தெரியும். காது விஷயத்தில்தான் நாம் மோசம். தாத்தாவுக்குக் கேட்கவில்லை என்றதும் வீட்டில் அவரிடம் பேசுவதே நின்றுபோகிறது. அவர் வாயடைத்து உட்கார்ந்தால் ‘வயசாயிட்டு’ என்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவரும் பெண் “ஆச்சி, சாப்ட்டீங்களா?” என்று கேட்பதும் மருந்துக் கணக்கில் சேர வேண்டியது.

பிறகு பணம். முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். எண்பது தாண்டியவர்களுக்கு 500. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் மகனிடம் கேட்காமல் கைக்கு வரும் காசு இது ஒன்றுதான்.

அதுவும் சும்மா வந்துவிடாது. வங்கி முகவர் நீட்டும் கருவிக்கு, காலமெல்லாம் பீடி சுற்றித் தேய்ந்த விரலின் ரேகை பிடிபடுவதில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார்கள். ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிகிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனுக்காகச் சுருக்குப்பை அவிழ்கிறது, கடலை மிட்டாய்க்கு, மருமகளுக்குத் தெரியாமல்.