முதுமையும் இருதயமும்

“வயது போய்விட்டது, இனி ஓரிடத்தில் இருங்கள்” என்று வீட்டு முதியோருக்கு நாம் அன்போடு கூறுகின்றோம். அவ்வன்பு அவர்தம் இருதயத்திற்கு நன்மை பயக்கின்றதா?

1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய சுகதேகிகளான வாலிபர் ஐவர் ஆராய்ச்சியின்பொருட்டு 3 வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். உழைக்கும் வேளையில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றல் அவர்களிடத்தில் ஏறக்குறைய கால்பங்கு குன்றியது. 1996இல், ஐம்பது வயதில், அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். என்ன விந்தை! 30 ஆண்டு மூப்பு விளைத்த நலிவு, அம்மூன்று வாரப் படுக்கை விளைத்ததிலும் குறைவாகவே இருந்தது. பின்னர் நடை, மெல்லோட்டம், சைக்கிள் ஓட்டம் என 6 மாதம் படிப்படியாகப் பயின்றனர். மூப்பினால் இழந்த அவ்வாற்றல் மீண்டது.

ஐவரைக் கொண்டு அனைவருக்கும் விதி வகுத்தல் ஆகாது. இருதய நோயுள்ளோர் வைத்தியரைக் கேட்டே தேகாப்பியாசம் தொடங்குதல் வேண்டும். ஆயினும், முதுமை என்று நாம் எண்ணும் தளர்ச்சியில் ஒரு பங்கு அசையாதிருத்தலின் விளைவே என்பது தெளிவு.

ஆகவே, முதியோருக்குச் சாய்மனைக் கதிரையை இழுத்துக் கொடுப்பதோடு அமையாது, மாலைதோறும் அவர்களோடு சிறிது தூரம் நடந்து வருவோமாக. நம் இருதயத்திற்கும் அது நன்றே.