புள்ளி இல்லாத கல்

யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறிப்பித்தது. ஆணை சிங்கள மன்னனுடையது, மொழி தமிழ். அன்று ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்கான சட்டம் அது. வந்திறங்குவோருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானை, குதிரை ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. அந்தக் கடலில் தொழில் செய்தவர்களுக்கு எந்த மொழி விளங்கும் என்பது அரசனுக்குத் தெரிந்திருக்கிறது.

1963இல் வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இந்தக் கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் எழுதியதைப் படித்து, சரிபாதி எவ்வளவு என்று இன்று நாம் விளங்கிக்கொள்கிறோம். சொன்னவன் போய் எண்ணூறு வருடமாகிறது. இதைவிடப் பெரிய அதிசயம் மனிதர் கையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அக்காலக் கல்வெட்டுகளைப் படிப்பது இலேசான காரியமல்ல. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள். 'கப்பல் உடைந்தால்' என்பதை அந்த முறையில் எழுதினால் 'கபபலஉடைநதால' என்றுதான் நிற்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். எரியா ஏரியா, பொதுவா போதுவா என்பதை முன்பின் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஏட்டுச் சுவடிகளில் ரகரமும் துணைக்காலும்கூட ஒன்றுபோலவே இருக்கும். இந்த எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் கண்ணால் பிரித்தறியும் வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் நிலைத்தவை. அதற்கு முந்திய வாசகர் தமக்குத் தெரிந்த தமிழை எழுத்தின் மேல் ஊற்றித்தான் படித்தார். கல் பாதி சொன்னது, மீதியை வாசகர் சொன்னார்.

நாமும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம், வேகத்தில் தெரிவதில்லை. ஒரு வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஒரு இடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், பிறகு பாயும், மறுபடி நிற்கும். பாயும்போது நமக்கு எழுத்து எதுவும் தெரிவதில்லை. நிற்கும்போதும் விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழும் சில எழுத்துகள்தாம் கூர்மையாகத் தெரியும். இப்படித் துண்டு துண்டாக வருவதை மூளை ஒரே ஓட்டமாக்கிக் கொடுக்கிறது. தமிழில் இன்னொரு வேலையும் உண்டு. 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; பிறகு ககரம்; அதன் பிறகு கால். ஆனால் வாயில் ககர மெய்தான் முதலில் வருகிறது. முன்னும் பின்னும் நிற்கும் குறிகளைச் சேர்த்து ஒரே உயிராக்கி மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை இதை யாரிடமும் முறையிடாமல் செய்துவிடுகிறது.

இத்தனைக்கும் வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் கிடையாது. எழுத்து தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. புதிய உறுப்பொன்று பரிணமிக்க அந்தக் காலம் போதாது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் தரும் விளக்கம் இது: முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில், மூளையின் இடப்பக்கம் பின்புறமாக ஒரு சிறு இடத்தை வாசிப்பு தனக்கென எடுத்துக்கொள்கிறது. சீனம் படிப்பவருக்கும் எபிரேயம் படிப்பவருக்கும் அது ஏறத்தாழ அதே இடம்தான்.

எடுத்துக்கொண்ட இடத்துக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் கட்டியிருக்கும் வள்ளத்தின் அணியம் இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் அது அதே வள்ளம்தான். திசை மாறினால் பொருள் மாறாது என்பது கண்ணுக்கு மிகப் பழைய பாடம். எழுத்துக்கு அது பொருந்தாது. விஜயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை சில காலம் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது மந்தத்தனமல்ல. பழைய பாடத்தை எழுத்துக்கு மட்டும் மறக்கப் பழகுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தலையில் குட்டுவது பெரும் அநியாயம்.

படிப்பின் இன்பத்தையும் அளந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள். 2006இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில், கறுவா போன்ற மணமுள்ள பொருட்களின் பெயரை வெறுமனே வாசித்தபோதே மணத்தை உணரும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. ஒரு நாவலைப் படித்து முடித்த பின்னும் அந்த ஊரின் வெயில் நம்மேல் காய்வதுபோல் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளுக்கு இந்த இன்பம் வாழ்நாள் தேடலாயிற்று. உரோமையில் குருத்துவக் கல்வி முடித்து வந்த பிறகுதான் அவர் தமிழகத்தில் முறையாகத் தமிழ் இலக்கியம் கற்றார். பிறகு ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடித் திரிந்தார். அந்தாவோ த புரோவென்சா என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகள் அதை அப்படியே படியெடுத்து 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுக்கு முன் மக்கள் வாயில் வழங்கிய சொற்கள் மறுபடி வாசகரிடம் வந்தன.

அடிகள் வளர்ந்த பின் கற்றது இலக்கியத்தை. எழுத்தையே வயது வந்த பின் படிக்கத் தொடங்கியவர்களின் மூளை எப்படி இருக்கும்? 2010இல் தெஹேனும் கூட்டாளிகளும் போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் மூன்று வகையினரை ஒப்பிட்டார்கள்: எழுத்தே அறியாதவர்கள், சிறுவயதில் கற்றவர்கள், வளர்ந்த பின் கற்றவர்கள். எழுத்தறிந்தவர்களுக்குக் காதால் கேட்கும் பேச்சையும் மூளை கூடுதல் துலக்கமாகக் கையாண்டது. வளர்ந்த பின் கற்றவர்களிடமும் எழுத்துக்கான அந்த இடம் உருவாகியிருந்தது, சிறுவயதில் கற்றவர்களுக்கு இருந்த அதே இடத்தில்.