எண்ணூறு வயதுப் பாட்டுக்கு மின்சாரத் தாளம்

பாட்டியின் கூறைப் புடவையைக் கத்தரித்துப் பேத்திக்குப் பாவாடை தைத்தால், வீட்டில் உடனே இரண்டு கட்சி ஏற்பட்டுவிடும். "ஐயையோ, பாழாக்கிவிட்டாயே!" என்பது ஒரு கட்சி. "பெட்டியில் கிடந்து இற்றுப் போவதைவிடக் குழந்தை உடுத்திக்கொண்டால் என்ன?" என்பது இன்னொரு கட்சி. 1994-ம் வருஷம் ஏஞ்சல் கம்பெனியார் வெளியிட்ட 'விஷன்' என்ற இசைத் தொகுப்பும் அப்படிப்பட்ட பாவாடைதான். அடியேள் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

புடவைக்குச் சொந்தக்காரி யார் தெரியுமா? ஜெர்மனியில் ரைன் நதிப் பிரதேசத்தில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற கன்னிகாஸ்திரீ. பிறந்தது 1098-ல். சின்னஞ்சிறு வயதிலேயே யூட்டா என்ற பெண் துறவியோடு டிஸிபோடன்பர்க் மடத்தில் அடைபட்டவர். 1136-ல் யூட்டா காலமானதும், அங்கிருந்த பெண்களுக்கு இவரே தலைவியானார்.

"நாங்கள் தனியாக மடம் கட்டிக்கொண்டு போகிறோம்" என்று ஒரு நாள் அம்மையார் கேட்டார். ஆண் துறவிகளின் தலைவர் இணங்கவில்லை. அவ்வளவுதான்! அம்மையார் படுத்த படுக்கையானார். புரட்டினாலும் அசையாமல் கல்லாகக் கிடந்தாராம். கடைசியில் மடத்துத் தலைவர்தான் இறங்கி வந்தார். 1150-ஐ ஒட்டி, பிங்கன் நகருக்குப் பக்கத்தில் ரூப்பர்ட்ஸ்பர்க்கில் பெண்களுக்கென்றே ஒரு மடம் எழுந்தது. கோபித்துக்கொண்டு படுப்பதும் ஒரு பலம் என்பது நம் வீடுகளில் மட்டும் தெரிந்த சங்கதி அல்ல!

அந்த மடத்துப் பெண்கள் பாடுவதற்காக அம்மையார் எழுபதுக்கும் மேற்பட்ட பாட்டுக்களை இயற்றினார்; ஓர் இசை நாடகமும் எழுதினார். அந்த நாடகத்தில் எல்லோரும் பாடுவார்கள். சாத்தான் மட்டும் பாடமாட்டான், கத்துவான். சங்கீதம் இல்லாதவன் எவனோ அவனே சாத்தான் என்பது அம்மையாரின் தீர்ப்பு.

இந்தப் பாட்டுக்களை எடுத்து, மின்சார வாத்தியங்களும் தாளமும் சேர்த்து அமைத்தவர் ரிச்சர்ட் சௌதர். பாடியவர்கள் எமிலி வான் எவெரா என்ற பாடகியும், ஜெர்மேன் பிரிட்ஸ் என்ற கன்னிகாஸ்திரீயும். பின்னவர் பெனடிக்ட் சபையைச் சேர்ந்தவர். ஹில்டகார்ட் அம்மையாரும் அதே சபைதான்.

கேட்கும்போது எப்படி இருக்கிறது? அடியில் தம்பூரா மீட்டினாற்போல் நீண்ட நாதம். அதன்மேல் தாளம் ஓடுகிறது. குரலோ தாளத்திற்குக் கட்டுப்படாமல், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவும் சிறுமியைப் போல மேலே போகிறது. அம்மையாரின் மெட்டுக்களின் தனி அழகே இதுதான். அக்காலத்துத் தேவாலயப் பாட்டுக்கள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் அடக்கமாக நடக்கும். இவருடையவை அந்த வேலியைத் தாண்டி உச்சிக்கு ஏறி, அங்கே கொஞ்சம் நின்று, நிதானமாக இறங்கும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சில இடங்களில், ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக விழுந்தாற்போல் தாளம் குரலை அமுக்குகிறது. அங்கே, "கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று சொல்லத் தோன்றுகிறது.

"சுத்த சங்கீதத்தைக் கெடுக்கலாமா?" என்று முதல் கட்சியார் கேட்பார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். அம்மையாரின் பாட்டுக்களை எழுதி வைத்த குறிகள், ஸ்வரம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்கின்றன. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஆகவே, இன்று யார் பாடினாலும் தம் மனோதர்மத்தைக் கொஞ்சம் சேர்த்துத்தான் பாட வேண்டும். சௌதர் அதிகமாகவே சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

இனி, நான் இந்தக் கட்சியில் சேர்ந்த உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன். 1178-ல் அம்மையாருக்கு வயது எண்பது. சபையிலிருந்து முன்பு விலக்கப்பட்டிருந்த ஒரு பிரபுவை மடத்து மயானத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். "உடலைத் தோண்டி எறியுங்கள்" என்று மைன்ஸ் நகரத்துப் பாதிரிமார்கள் உத்தரவிட்டார்கள். "இறப்பதற்கு முன் அவர் மன்னிப்புப் பெற்றுவிட்டார், முடியாது" என்றார் அம்மையார். வந்தது தண்டனை: மடத்தில் இனிப் பாட்டே கூடாது! பிரார்த்தனையைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் படிக்கலாம், பாடக் கூடாது.

வாழ்நாள் முழுவதும் பாட்டாகவே இருந்த கிழவிக்கு எப்படி இருந்திருக்கும்! உத்தரவுக்கு அடங்கி வாயை மூடிக்கொண்டார், பேனாவை மூடவில்லை. தக்க காரணமின்றிக் கடவுள் துதியை நிறுத்துகிறவர்களுக்குப் பரலோகத்துப் பாட்டிலே பங்கு கிடைக்காது என்ற கருத்தில் நீண்ட கடிதம் எழுதினார். 1179-ல் தடை நீங்கியது. மடத்தில் மறுபடியும் பாட்டுக் கேட்டது. அதே வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி அம்மையார் கண்ணை மூடினார்.

பிற்காலத்தில் யுத்தத்தில் அந்த மடமும் அழிந்தது. ஏடுகள் மட்டும் பிழைத்தன. 1982-ல் 'காதிக் வாய்ஸஸ்' குழுவினர் இந்தப் பாட்டுக்களைப் பக்க வாத்திய ஆர்ப்பாட்டமின்றிப் பாடி இசைத்தட்டாக்கினார்கள். அதில் ஒலித்த குரலை 1991-ல் 'ஆர்பிட்டல்' என்ற ஆங்கிலேய மின்னிசை இரட்டையர் தங்கள் உருப்படியிலே கோத்தார்கள். 2012-ல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட், அம்மையாருக்குத் திருச்சபையின் ஆசிரியர் என்ற பெரும் பட்டத்தை அளித்தார். அந்தப் பட்டம் பெற்ற பெண்களில் இவர் நான்காமவர்.

பாடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பாட்டு, எந்த உடையில் வந்தாலும் வாசலில் நிறுத்தி விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. சகோதரிகளே, முதலில் 1982-ம் வருஷத்துத் தட்டைக் கேளுங்கள். பிறகு 'விஷன்' கேளுங்கள். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் சரி, பாட்டு உங்கள் வீட்டில் ஒலித்துவிடும். அம்மையார் கேட்டதும் அவ்வளவுதானே!