போர்வீரனின் முறைப்பாட்டைக் கேட்பவர் யார்?

படைக்கு உயிர்நாடி கட்டுப்பாடு. மேலதிகாரியின் கட்டளையைத் தட்டாது நிறைவேற்றுதல் போர்வீரனின் கடமை. ஆயின், வேலியே பயிரை மேய்வது போல அவ்வதிகாரியே முறை தவறி நடப்பின், அவன் எங்கே சென்று முறையிடுவான்? துன்புறுத்தியவரிடமே நீதி வேண்டி நிற்றல் தகுமோ?

இவ்வினாவுக்கு முதன்முதலில் விடை தேடிய நாடுகளுள் ஒன்று சுவீடன். படைத்துறையை மேற்பார்வை செய்யவென 1915ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் சார்பில் தனி அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். 1952இல் நோர்வேயும் அவ்வழி சென்றது.

ஹிட்லர் காலத்துக் கண்மூடித்தனமான கீழ்ப்படிவினால் விளைந்த கேட்டை அறிந்த மேற்கு ஜேர்மனி, 1955இல் புதிய படையை அமைத்தது. போர்வீரன் சீருடை தரித்த குடிமகனே என்பது அதன் கொள்கை. அவனது அடிப்படை உரிமைகளைக் காக்கும் பாராளுமன்ற ஆணையாளர் பதவிக்கு 1956இல் அரசியலமைப்பிலேயே இடமளிக்கப்பட்டது. முதலாவது ஆணையாளர் 1959இல் கடமையேற்றார்.

எனினும், பதவியொன்றை உண்டாக்கிய மாத்திரத்தில் கொடுமை ஒழிந்துவிடவில்லை. 1963 ஜூலையில் நாகோல்ட் என்னும் ஊரிலே, கடும் வெயிலில் நடத்தப்பட்ட அணிநடையின்போது இளம் பயிற்சிவீரன் ஒருவன் மயங்கி விழுந்தான். சில நாட்களில் மாண்டான். விசாரணையிலே பயிற்சி என்ற பெயரால் நடந்த கொடுமைகள் அம்பலமாயின. பயிற்சியாளர் பலர் தண்டனை பெற்றனர், அப்படைப்பிரிவும் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அப்போதைய ஆணையாளர் ஹெல்முத் ஹையே, படையின் போக்கைக் கண்டித்துச் சஞ்சிகையொன்றில் வெளிப்படையாக எழுதினார். பெரும் புயல் கிளம்பிற்று. அவ்வாண்டிலேயே அவர் பதவி துறந்தார். ஆனால் அப்பதவி நிலைத்தது.

இன்றும் ஜேர்மனியில் எந்தப் போர்வீரனும் மேலதிகாரியின் அனுமதியின்றியே ஆணையாளருக்கு நேரே எழுதலாம். எழுதியமைக்காக அவனைத் தண்டித்தலாகாது. ஆணையாளர் முன்னறிவித்தலின்றிப் படைமுகாமினுட் புகலாம். கோவைகளைக் கேட்டுப் பார்வையிடலாம். படைக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கில்லை. ஆயினும், ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அவர் சமர்ப்பிக்கும் அறிக்கையை நாடே வாசிக்கின்றது. அதுவே அவரது வலிமை.

இத்தகைய ஏற்பாடு கட்டுப்பாட்டைக் குலைக்கும் என அஞ்சுவாருமுளர். அச்சத்தினாற் பிறக்கும் கீழ்ப்படிவு ஆபத்து வேளையிற் கைகொடாது. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையிற் பிறப்பதே நிலைக்கும். மகனைப் படைக்கு அனுப்பிவைக்கும் தாய், அவன் பகைவனை எதிர்த்து நிற்பான் என்பதை அறிவாள். தன் முகாமுக்குள்ளேயே அவன் அஞ்சி வாழவேண்டும் என்பதற்கு அவள் உடன்படவில்லையே!